புதுப் படப் பாட்டு ஆல்பத்தைக் கேட்டு அபிப்பிராயம் எழுதுவது எப்படி

தமிழ்ப் பட ஆல்பம் இப்போது ஒரே நாளில் முழுதாக வருவது அரிது. முதல் சிங்கிள் படத்துக்குச் சில மாதம் முன்பே லிரிக் வீடியோவாக வந்துவிடும். இரண்டாவது, மூன்றாவது சிங்கிள்கள் இடைவெளி விட்டு வரும். இசை வெளியீட்டு விழாவை ஒட்டி மிச்சப் பாட்டுகளும், எல்லாப் பாட்டையும் ஒரே வீடியோவில் கோத்த ஜூக்பாக்ஸும் வரும். பின்னணி இசை, வந்தால், படம் ஓடிய பிறகு தனித் தொகுப்பாக வரும். ஆகவே ஆல்பம் வெளியான அன்று ‘இதில் எது நல்ல பாட்டு’ என்று உட்கார்ந்தால் போட்டியே சமமாக இருக்காது. ஒரு பாட்டை ரீல்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் கணக்கில்லாமல் கேட்டிருப்பீர்கள். பக்கத்துப் பாட்டை இப்போதுதான் முதல்முறை கேட்கிறீர்கள்.

பழக்கத்தாலேயே ஒன்று பிடித்துப்போகும் என்பதை அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ஸையன்ஸ் 1968-இல் சோதனைகளோடு எழுதினார். பொருள் தெரியாத சீன எழுத்துகளைக்கூட, அதிக முறை கண்ணில் பட்டவற்றுக்கு நல்ல பொருள்தான் இருக்கும் என்று ஆட்கள் மதிப்பிட்டார்கள். சிங்கிள்களை முன்கூட்டியே விடுவதில் இந்தப் பலனும் அடக்கம். கேட்கக் கேட்கத்தான் பிடிக்கும் என்று நம் ஊர் ரசிகர்கள் ‘ஸ்லோ பாய்சன்’ என்று சொல்லும் பாட்டுகளில் பாதி நிஜமாகவே மெதுவாக விரியும் பாட்டுகள், மீதி வெறும் பழக்கம். இரண்டையும் பிரிக்கத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இந்த வழிமுறை சங்கீதம் படிக்காதவருக்கானது. ராகம் கண்டுபிடிக்க வேண்டாம், கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) பெயர் தெரிய வேண்டாம். எந்தப் பாட்டில், எத்தனையாவது நிமிடத்தில், என்ன நடந்தது, அது காதுக்கு என்ன செய்தது என்று சொல்ல முடிந்தால் போதும்.

எதைக் கேட்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள்

உரிமை வாங்கிய இசை நிறுவனத்தின் சேனலில் உள்ளதையோ, ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், ஜியோசாவன் போன்ற செயலியில் உள்ளதையோ மட்டும் எடுங்கள். வேறு யாரோ மறுபடி ஏற்றிய பாட்டில் சுருதி அரைக் கட்டை ஏறியோ இறங்கியோ, வேகம் சற்றுக் கூடியோ இருக்கலாம். பதிப்புரிமை இயந்திரத்தின் கண்ணில் படாமல் இருக்கச் செய்யும் வேலை அது. அதைக் கேட்டுவிட்டுப் பாடகர் மூக்கால் பாடுகிறார் என்று எழுதினால் பாவம் அவருக்குத்தான்.

லிரிக் வீடியோவை முதல்முறை பார்க்காதீர்கள்; போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேளுங்கள். ஹீரோவின் ஒரு நடன அசைவு மெட்டில் இல்லாத துள்ளலை மெட்டுக்குக் கொடுத்துவிடும். தவிர, சில லிரிக் வீடியோக்களில் நடுவில் வசனம், பாட்டுப் பதிவுக் காட்சி, ஸ்டுடியோச் சிரிப்பு எல்லாம் செருகப்பட்டிருக்கும். ஆல்பத்தில் இருக்கும் வடிவம் அது இல்லை.

அடுத்து செட்டிங்ஸ். ஸ்பாட்டிஃபையில் ஒலித் தரத்துக்கு வினாடிக்கு 24, 96, 160, 320 கிலோபிட் என்ற படிகள் உண்டு; எண் கூடினால் தரம் கூடும். ‘ஆட்டோமேட்டிக்’ என்று விட்டிருந்தால் சிக்னல் குறைந்த இடத்தில் தானாகவே கீழே இறங்கும். முதலில் கெடுவது சிம்பல், ஜால்ரா, கைத்தட்டல், வயலின் கூட்டம். இவை எல்லாம் ‘ஷ்ஷ்’ என்று ஒன்றோடொன்று குழைந்துபோகும். இலவசக் கணக்கில் கிடைக்கும் 160 அபிப்பிராயம் சொல்லப் போதுமானது. 320-இல் ஒரு நிமிடப் பாட்டுக்கு 2.4 எம்பி ஆகும், அதாவது 25 நிமிட ஆல்பத்துக்கு 60 எம்பி. இறக்கிவைக்க விடும் சந்தா இருந்தால் வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டு கேட்பது நிம்மதி.

அணைக்க வேண்டியவை: ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட், போனிலேயே இருக்கும் ஒலி எஃபெக்டுகள், ஷஃபிள், ஆட்டோபிளே, கிராஸ்ஃபேட். கிராஸ்ஃபேடைப் பலர் மறந்துவிடுவார்கள். அது 12 வினாடியில் இருந்தால் ஒரு பாட்டின் முடிவும் அடுத்த பாட்டின் முன்னிசையும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி இரண்டுமே பாழ். ஆப்பிள் மியூசிக்கில், ஒலி சுற்றிலும் இருந்து வருவதுபோல் கேட்கும் டால்பி அட்மாஸையும் முதல் சுற்றுக்கு நிறுத்திவையுங்கள். அட்மாஸ் வடிவம் தனியாகச் செய்த கலவை. குரல் பின்வாங்கியோ சத்தம் குறைந்தோ தெரியலாம், பெரும்பாலானவர்கள் கேட்கப் போவதும் அதை அல்ல.

அணைக்கக் கூடாத ஒன்று உண்டு: ஒலியளவைச் சமப்படுத்தும் ‘நார்மலைசேஷன்’. இரண்டு பாட்டுகளை அடுத்தடுத்துப் போட்டால், கொஞ்சம் சத்தமாக இருப்பதைத்தான் காது நல்லது என்று தேர்ந்தெடுக்கும். ஒன்றிரண்டு டெசிபெல் வித்தியாசமே போதும், சத்தம் கூடியிருப்பதே தெரியாது. ஸ்பாட்டிஃபை சாதாரண நிலையில் எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சத்தத்தின் அலகு) அளவுக்குக் கொண்டுவரும். பழைய ஆல்பத்தோடு புதிதை ஒப்பிடும்போது இது இல்லாவிட்டால் ஒப்பீடே வேண்டாம்.

இயர்போனில் செய்யும் தவறுகள்

போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்டு எழுதாதீர்கள். அதில் அடித்தளச் சத்தம் ஏறக்குறைய இல்லவே இல்லை. பேஸ் கிட்டார், தவிலின் தொப்பி, பறையின் அடிச்சத்தம் எல்லாம் வெறும் ‘டக்’காகக் கேட்கும். விலை உயர்ந்த ஹெட்போன் தேவையில்லை, காதில் சரியாகப் பொருந்தும் சாதாரண இயர்போன் போதும். பொருந்துவதுதான் முக்கியம். ரப்பர் முனை சிறியதாக இருந்தால் இடுக்கு வழியே பேஸ் முழுக்கக் கசிந்துவிடும். ‘பாட்டில் கனமே இல்லை’ என்று தோன்றும். டப்பாவில் வந்த மூன்று அளவு முனைகளையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள்.

ஒற்றைக் காதில் கேட்காதீர்கள். கிட்டாரை இடப்பக்கமும் கோரஸை வலப்பக்கமும் ஒதுக்கி வைப்பது வழக்கம். ஒற்றை இயர்போனில் பாதி வாத்தியம் காணாமல் போகும். ப்ளூடூத்தில் கேட்கும்போது திடீரென்று எல்லாம் டெலிபோன் குரல் மாதிரி சப்பையானால், ஏதோ ஒரு செயலி மைக்கைத் திறந்து வைத்திருக்கிறது, இயர்போன் அழைப்பு முறைக்குப் போய்விட்டது என்று அர்த்தம். கேம், வாய்ஸ் சாட் எதையாவது மூடினால் சரியாகும்.

ஒலியளவை நடுத்தரமாக வைத்து ஆல்பம் முழுக்க மாற்றாமல் விடுங்கள். ரொம்பக் குறைத்தால் பேஸும் மேல் ஸ்தாயியும் முதலில் மறையும். கருவியில் குறையில்லை, மனிதக் காதின் அமைப்பே அப்படி. ரொம்பக் கூட்டினால் எல்லாக் குத்துப் பாட்டும் நன்றாக இருக்கும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணி நேரம்.

எத்தனை முறை, எந்த இடைவெளியில்

நான்கு சுற்று என்று வைத்துக்கொள்ளலாம். டிராக் எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 9 டிராக் என்று போட்டிருக்கும் ஆல்பத்தில் இரண்டு இன்ஸ்ட்ருமென்டல், ஒரு ரீப்ரைஸ் (அதே பாட்டின் மறுவடிவம்), ஒரு தீம் மியூசிக்கைக் கழித்தால் மிஞ்சுவது 5 பாட்டு, 20 நிமிடம்.

முதல் சுற்றில் வரிசையாக, நிறுத்தாமல், குறிப்பு எடுக்காமல் கேளுங்கள். முடிந்ததும் செயலியை மூடிவிட்டு, நினைவில் எந்த மெட்டு நிற்கிறது என்று முனகிப் பாருங்கள். எந்தப் பாட்டு என்றே தெரியாமல் ஒரு வரி மட்டும் நின்றாலும் எழுதிவையுங்கள். ஏற்கெனவே கேட்ட சிங்கிளை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இரண்டாம் சுற்று அன்றே அல்லது மறுநாள், பேனாவோடு. மூன்றாவது, இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு. அதற்கு முன் கருத்துப் பெட்டியைத் திறக்காதீர்கள். நான்காவதை வேறு இடத்தில் கேளுங்கள்: சமையலறை ஸ்பீக்கர், பஸ், கார். இயர்போனில் நுணுக்கமாக இருந்த பாட்டு காரில் குரலே கேட்காமல் மூழ்கினால் அது ஒலிக் கலவையின் குறை, எழுத வேண்டியதுதான்.

சிங்கிள்களுக்கு மட்டும் தனி விதி. மற்றப் பாட்டுகளையும் குறைந்தது நான்கு முறை கேட்கும் வரை தரவரிசை போடாதீர்கள். ரீல்ஸில் ஓடும் பாட்டில் இன்னொரு சிக்கல்: அந்த 15, 30 வினாடித் துண்டு காதில் தேய்ந்துபோயிருக்கும், மிச்சம் முழுக்க அந்தத் துண்டுக்காகக் காத்திருப்பதாகவே தோன்றும். அந்த ஹூக் (காதில் ஒட்டிக்கொள்ளும் துண்டு) வரும் இடங்களைத் தாண்டிவிட்டு மிச்சத்தை மட்டும் ஒருமுறை ஓட்டுங்கள். மிச்சத்தில் ஒன்றுமே இல்லை என்றால் அது பாட்டு இல்லை, விளம்பர இசை. இப்படித்தான் இப்போது நிறைய வருகிறது.

ஸ்லோ பாய்சனா, பழக்கமா என்று சோதிக்க வழி இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பாட்டில் புதிதாக ஏதாவது காதில் விழுந்ததா என்று பாருங்கள். இரண்டாம் முறை இடையிசையில் ஒரு புல்லாங்குழல், மூன்றாம் முறை சரணத்தில் பேஸ் மாறுவது என்று கண்டுபிடிப்புகள் நடந்தால் பாட்டு விரிகிறது. ஒன்றுமே புதிதாகக் கிடைக்காமல் பிடித்தம் மட்டும் கூடினால் அது பழக்கம். பழக்கமும் குற்றமில்லை, பாட்டின் தரம் என்று மட்டும் அதை எழுதக் கூடாது.

பிரித்துக் கேட்பது

இரண்டாம் சுற்றில் பாட்டின் எலும்புக்கூட்டை எழுதிக்கொள்ளுங்கள். முன்னிசை, பல்லவி, முதல் இடையிசை, சரணம், இரண்டாம் இடையிசை, அடுத்த சரணம் என்பது பழைய வரிசை. இரண்டு சரணத்துக்கும் மெட்டு ஒன்றாக இருந்தாலும் இடையிசைகள் வேறு வேறாக இருக்கும். மூன்று, மூன்றரை நிமிடத்தில் முடியும் இப்போதைய பாட்டுகளில் இரண்டாம் சரணம் போய், அந்த இடத்தில் ராப்போ ஹூக்கின் மறுபடியோ இருக்கும். பழைய வடிவம் இல்லை என்பதே குறையாகாது. ஆனால் ஒவ்வொரு பகுதியும் எந்த நிமிடத்தில் தொடங்குகிறது என்று குறித்தால் பாட்டு எங்கே தொய்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். 2:10-க்குப் பிறகு எழுத ஒன்றுமில்லை என்றால் பிரச்சினை அங்கேதான்.

தாளத்துக்குக் காலால் தட்டுங்கள். நான்கு நான்காக விழுந்தால் சதுஸ்ரம், ‘தகிட தகிட’ என்று மூன்று மூன்றாக உருண்டால் திஸ்ரம். டப்பாங்குத்து பெரும்பாலும் திஸ்ர நடைதான், அதனால்தான் தோள் தானாக ஆடுகிறது. ‘தக தகிட’ என்று ஐந்தும், ‘தகிட தகதிமி’ என்று ஏழும் அபூர்வம். வந்தால் தவறாமல் எழுதுங்கள், வாசிப்பவர் அந்தப் பாட்டைத் தேடிப் போவார். வேகத்துக்கு 15 வினாடியில் எத்தனை தட்டு என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். 70-ஆ 140-ஆ என்று குழப்பம் வரும். ஸ்னேர் டிரம்மோ கைத்தட்டலோ ஒன்று விட்டு ஒரு தட்டில் விழும்படி எண்ணினால் பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆல்பத்தில் ஐந்து பாட்டும் 90-க்கும் 100-க்கும் நடுவில் விழுந்தால், ‘எல்லாம் ஒரே மாதிரி இருக்கு’ என்ற உங்கள் எரிச்சலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

பிறகு ஒருமுறை பேஸை மட்டும் பின்தொடருங்கள். முதலில் சிரமம், பழகினால் இதைவிடப் பெரிய சுகம் இல்லை. இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகளில் பேஸ் கிட்டார் அடியில் தனியாக இன்னொரு மெட்டைப் பாடிக்கொண்டே போகும். காதைத் தீட்டிக்கொள்ள அதைவிட நல்ல பயிற்சி தமிழில் கிடையாது. இன்றைய பாட்டுகளில் பேஸ் பல சமயம் டிரம்மோடு சேர்ந்து ஒரே ஸ்வரத்தில் இடிக்கும் மின்னொலியாக இருக்கும். இரண்டும் வேறு அழகியல், ஒன்றை வைத்து மற்றதைத் திட்ட முடியாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பல்லவியிலிருந்து சரணத்துக்குப் போகும்போது அடித்தளத்தில் ஏதாவது மாறுகிறதா? மாறாவிட்டால், பாடகர் எவ்வளவு உருகினாலும் பாட்டு நின்ற இடத்திலேயே நிற்கும்.

வாத்தியங்களில் எது ஆள் வாசித்தது, எது கீபோர்டு என்று ஊகித்து எழுதாதீர்கள். நல்ல சாம்பிளை (நிஜ வாத்தியத்தைப் பதிவு செய்து கீபோர்டில் ஒலிக்கவிடுவது) நிபுணர்களே கண்டுபிடிக்கத் திணறுவார்கள். யூடியூப் விளக்கப் பகுதியில் வாசித்தவர் பட்டியல் இருக்கும். வயலின் கூட்டம் சென்னையில் பதிவானதா, புடாபெஸ்டிலா, வட மாசிடோனியாவிலா என்பதுகூட அங்கேயே போட்டிருப்பார்கள். நாதஸ்வரம், வீணை வாசித்தவர் பெயரைத் தேடி எடுத்து எழுதுங்கள். செயலிகள் சில சமயம் இசையமைப்பாளர் பெயரையே ‘ஆர்ட்டிஸ்ட்’ என்று போட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளும். பாடகரைத் தப்பாகச் சொல்லிவிடும் அபாயம் அங்கேதான்.

ஒலிக் கலவைக்கு எளிய சோதனை: தாளம் முழுதாக நுழையும் இடத்துக்கு முன்னும் பின்னும் 10 வினாடி கேளுங்கள். நுழையும்போது பாட்டு எழும்ப வேண்டும். எழும்பவில்லை என்றால், மெல்லிய பகுதியையும் சத்தமான பகுதியையும் ஒரே உயரத்துக்கு அமுக்கி வைத்திருக்கிறார்கள். ‘இரைச்சல்’ என்று பொதுவாகத் திட்டப்படும் பாட்டுகளில் நிறைய இந்த வகை. வாத்தியம் அதிகமாக இருப்பதால் வரும் தொல்லை இல்லை அது.

குரல், உச்சரிப்பு, வரி

ஆன்டாரஸ் நிறுவனத்தின் ஆட்டோ-டியூன் 1997-இல் வந்தது. இன்று ஓரளவு சுருதித் திருத்தம் செய்யாத பாட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ‘ஆட்டோ-டியூன் போட்டிருக்காங்க’ என்பதே விமர்சனமாகாது. ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கிப் போக வேண்டிய இடத்தில் குரல் வெட்டி வெட்டி மாறுகிறதா, நீட்டி நிற்கும் ஸ்வரத்தில் இயல்பான நடுக்கம் இல்லாமல் கோடு போட்டதுபோல் நிற்கிறதா என்று பாருங்கள். ராப்பிலும் மின்னிசைப் பாட்டிலும் இதை வேண்டுமென்றே செய்வார்கள். தாலாட்டிலோ ஒப்பாரியிலோ செய்திருந்தால் கேள்வி கேட்கலாம்.

உச்சரிப்பைப் பற்றித்தான் நம்மவர்கள் அதிகம் எழுதுகிறார்கள், பழியை அதிகம் தவறாகப் போடுவதும் இங்கேதான். ழகரம் லகரமானால், றகரம் ரகரமாகத் தேய்ந்தால், ‘பட்டு’ ‘படு’வாக ஒற்றுத் தேய்ந்தால், பாடியவரும் பதிவின்போது திருத்தாமல் விட்டவர்களும் பொறுப்பு. குறில் நெடிலாகும் தவறு வேறு வகை. ‘மலை’ என்ற சொல்லில் ‘ம’ மேல் மெட்டு இரண்டு தட்டு நின்றால் காதில் விழுவது ‘மாலை’. ‘கலை’ ‘காலை’யாகும், ‘படம்’ ‘பாடம்’ ஆகும். யார் பாடினாலும் அப்படித்தான் கேட்கும், ஏனென்றால் மெட்டின் நீளமும் சொல்லின் நீளமும் மோதுகின்றன. திரைப்பாட்டில் பெரும்பாலும் மெட்டு முதலில் வரும், ‘தன்னானே’ என்று வார்த்தையில்லாமல் பாடிக் காட்டும் தத்தகாரத்துக்குத்தான் வார்த்தை எழுதப்படும். ஆக நெடில் வேண்டிய இடத்தில் குறிலை வைத்த பாடலாசிரியரும், அதை ஏற்றுக்கொண்ட இசையமைப்பாளரும்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். கண்டுபிடிக்க வழி: அந்த வரியை நீங்களே மெட்டோடு பாடிப் பாருங்கள். உங்கள் வாயிலும் அதே தவறு வந்தால் குற்றம் பாடகர் மேல் இல்லை.

மெட்டுக்காகச் சொல்லை நடுவில் பிளப்பதும் இந்த வகையே. ஒரு சொல்லின் முன்பாதி ஒரு வரியிலும் பின்பாதி அடுத்த வரியிலும் விழுந்து வேறு பொருள் தந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

வரிகளைப் பாட்டில்லாமல் ஒருமுறை படித்துப் பாருங்கள். எங்கிருந்து படிக்கிறீர்கள் என்பதில் கவனம். செயலியில் ஓடும் வரிகள் பல சமயம் ஆங்கில எழுத்தில் இருக்கும். அதில் மனமும் மணமும் ஒன்று, பனியும் பணியும் ஒன்று, கரையும் கறையும் ஒன்று. அறம் என்று எழுதியவர் அரம் என்று எழுதியதாகத் திட்டு வாங்குவார். லிரிக் வீடியோவில் தமிழில் ஓடும் வரியோடு ஒத்துப் பார்த்த பிறகே மேற்கோள் காட்டுங்கள். அதிலும் எழுத்துப்பிழை இருக்கும் என்பது தனி வேதனை.

நல்ல வரியா என்று எப்படிச் சொல்வது? அந்த வரியைத் தூக்கி வேறு எந்தக் காதல் பாட்டில் வைத்தாலும் பொருந்துமா என்று பாருங்கள். நிலா, மழை, உயிர், இதயம், விழி ஐந்தும் முதல் சரணத்துக்குள் வந்துவிட்டால் பெரும்பாலும் பொருந்தும். அடுத்து எதுகை மோனை. முதலெழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை, கடைசி ஒன்றினால் இயைபு. இன்றைய பாட்டுகள் இயைபிலேயே காலம் தள்ளுகின்றன. இயைபுக்காக அர்த்தமே இல்லாத சொல் வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு நான்காவது வரியின் முடிவிலும் பாருங்கள், அங்கேதான் மாட்டும். கானா பாட்டை இதே அளவுகோலால் அளக்காதீர்கள். அங்கே பேச்சின் உறைப்பும் நக்கலும்தான் அளவு, இலக்கணம் இல்லை.

‘எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கு’

இதை எழுதும் முன் நிதானம் தேவை. எங்கேயோ கேட்ட மாதிரி இருப்பதற்குக் காரணங்கள் பல. ராகம் ஒன்றாக இருக்கலாம். 1977-இல் இளையராஜா இசையில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய ‘சின்னக் கண்ணன் அழைக்கிறான்’, 2008-இல் ஜேம்ஸ் வசந்தன் இசையில் வந்த ‘கண்கள் இரண்டால்’ இரண்டும் ரீதிகௌளை. அடுத்தடுத்துக் கேட்டால் சொந்தக்காரர்கள் என்று தெரியும். ஒன்றை இன்னொன்றின் நகல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கார்டு வரிசை ஒன்றாக இருக்கலாம். நான்கே நான்கு கார்டுகள் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பாட்டுகளில் சுற்றுகின்றன. தாள லூப் ஒன்றாக இருக்கலாம். காசு கொடுத்து வாங்கும் ஒலித் தொகுப்பில் உள்ள லூப்பை இரண்டு பேர் வாங்கினால் இரண்டு பாட்டிலும் அது வரும்.

சோதிக்க, இரண்டு மெட்டையும் வரிகள் இல்லாமல் ‘தா தா’ என்று ஒரே சுருதியில், ஒரே வேகத்தில் பாடி போனில் பதிவு செய்யுங்கள். இரண்டு தாளச் சுற்றுக்கு மேல் ஸ்வரமும் அதன் நீளமும் சேர்ந்தே ஒத்துப்போனால் பேச விஷயம் இருக்கிறது. தொடங்கும் மூன்று ஸ்வரம் மட்டும் ஒத்தால் விட்டுவிடுங்கள். பிறகு விளக்கப் பகுதியில் மூலப் பாட்டின் பெயர் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். உரிமை வாங்கிச் செய்த மறு ஆக்கத்தைத் ‘திருட்டு’ என்று எழுதுவது அவதூறு. உரிமை வாங்கினார்களா இல்லையா என்று தெரியாதபோதும் ‘0:45 முதல் 0:58 வரை இன்ன பாட்டை நினைவூட்டுகிறது’ என்பதோடு நிறுத்துங்கள். வாசிப்பவர் இரண்டையும் போட்டுக் கேட்டு முடிவு செய்யட்டும்.

எழுதும்போது

பாட்டுக்கு மூன்று நான்கு வரி போதும். தலைப்பு, பாடியவர், எழுதியவர், நீளம் முதலில். ‘செம’, ‘வேற லெவல்’, ‘டெம்ப்ளேட்’, ‘காதில் ஒட்டல’ எல்லாம் எழுதலாம், ஆனால் அடுத்த வரியில் காரணம் வர வேண்டும். ‘மெலடி ரொம்ப நல்லா இருக்கு’ என்பதை யாரும் சரிபார்க்க முடியாது. ‘1:12 வரை கிட்டாரும் குரலும் மட்டும், அங்கே தவில் நுழைந்ததும் பல்லவி இரண்டாம் முறை வேறு பாட்டாகிவிடுகிறது’ என்றால் வாசிப்பவர் அந்த இடத்துக்கே நேராகப் போவார். உங்களோடு சண்டை போடவும் அவருக்கு ஒரு பிடி கிடைக்கும், அதுவும் நல்லதே.

ஐந்துக்கு மூன்றரை என்று மதிப்பெண் போடுவதைவிட மூன்று கூறாகப் பிரிப்பது உபயோகம்: நானே தேடிப் போட்டுக் கேட்பேன், யாராவது போட்டால் கேட்பேன், வந்தால் தாண்டிவிடுவேன். ஆல்பத்துக்கு மொத்தச் சராசரி எடுக்காதீர்கள். இரண்டு அற்புதமான பாட்டும் மூன்று மோசமான பாட்டும் உள்ள ஆல்பம், ஐந்தும் சுமாராக உள்ள ஆல்பத்தைவிடப் பல மடங்கு மேல். சராசரி இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

அதே இசையமைப்பாளரின் பழைய ஆல்பத்தோடு ஒப்பிட்டே தீருவேன் என்றால், அந்தப் பழைய ஆல்பத்தை முழுதாக ஒருமுறை கேட்டுவிட்டு ஒப்பிடுங்கள். நினைவில் இருப்பது அதன் மூன்று ஹிட்டுகள் மட்டுமே. மிச்சமிருந்த நிரப்புப் பாட்டுகளை எல்லோரும் வசதியாக மறந்துவிட்டோம்.

பார்வை எண்ணிக்கையை ஆதாரமாகக் காட்டாதீர்கள். லிரிக் வீடியோவை விளம்பரமாக ஓட்டியும் எண்ணிக்கையைக் கூட்டலாம். இதனால்தான் யூடியூப் 2019-இல் தன் இசைத் தரவரிசைக் கணக்கிலிருந்து விளம்பரப் பார்வைகளை நீக்கியது. ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி ஓடினாலே ஒரு கேட்பு என்று கணக்கு. அந்த எண் பாட்டை எத்தனை பேர் கடைசி வரை கேட்டார்கள் என்று சொல்லாது.

வீடியோவாகப் பேசப் போகிறவர்களுக்கு: இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் (1957) 52-ஆம் பிரிவு விமர்சனத்துக்காக ஒரு படைப்பை நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது. ஆனால் யூடியூபின் கன்டென்ட் ஐடி சட்டப் பிரிவு பார்க்காது, ஒலி பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கும். ‘10 வினாடிக்குள் இருந்தால் ஒன்றும் ஆகாது’ என்று ஊரெல்லாம் சொல்வார்கள். அப்படி ஒரு விதி கிடையாது. உரிமைக் கோரல் வந்தால் பொதுவாக வருமானம் இசை நிறுவனத்துக்குப் போகும் அல்லது வீடியோ முடக்கப்படும். அது சேனலைப் பாதிக்கும் ஸ்ட்ரைக் இல்லை, இரண்டையும் குழப்பிக்கொண்டு பதற வேண்டாம். பாட்டை ஒலிக்கவிடாமல் நிமிடக் குறிப்பை மட்டும் திரையில் காட்டிப் பேசுவது தொல்லையில்லாத வழி.

படம் வந்த பிறகு சில பாட்டுகளின் கணக்கு மாறும். ஆல்பத்தில் சப்பென்று இருந்த மாண்டேஜ் பாட்டு காட்சியோடு சேர்ந்து நிமிரும்; முதல் சிங்கிளாகக் கொண்டாடிய பாட்டு படத்தில் பாதியாக வெட்டப்பட்டிருக்கும். பழைய குறிப்பை அழித்துத் திருத்தாதீர்கள். அதன் கீழே தேதியோடு ‘படத்தில்’ என்று தலைப்பிட்டு இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்.